நீலகிரிக் குளிரில் டைல் வெட்டுதல்: கேள்வி பதில்

உதகையிலிருந்து ஒருவர்: மார்கழிக் குளிரில் தண்ணீர் பட்டால் விரல்கள் மரத்துப்போகின்றன என்று எங்கள் டைல் மேஸ்திரி, கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே தண்ணீரின்றி வெட்டுகிறார். இதில் தவறு உண்டா?

பதில்: பெரிய தவறு. பிளேடு சூடேறாமல் இருப்பதற்கே தண்ணீர் என்று பலரும் எண்ணுகிறார்கள். அதைவிட முக்கியமாக அது காப்பது வெட்டுபவரின் நுரையீரலை. விட்ரிஃபைட் டைலிலும் கிரானைட்டிலும் உள்ள படிகச் சிலிக்கா என்னும் கனிமம், உலர வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகப் பறந்து, மூச்சோடு உள்ளே சென்று படிந்து, காலப்போக்கில் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். அதனால் தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது. முகத்தில் கட்டும் துண்டு இத்துகளைத் தடுக்காது. குளிருக்காகச் சன்னலையும் அடைத்துவிட்டால், அதே அறையில் பூச்சு வேலை பார்ப்பவரும், மாலையில் பெருக்க வரும் பெண்ணும்கூட அதையே சுவாசிக்கிறார்கள். எனவே, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வெட்டும் மேசையை வாசலுக்கோ பக்கம் திறந்த கொட்டகைக்கோ மாற்றுங்கள். என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். வெட்டிய சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுக்க வேண்டும்; காய்ந்தால் அது மீண்டும் தூசிதான்.

குன்னூரிலிருந்து ஒருவர்: கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு வெட்டலாமா?

பதில்: கூடாது. நூலிழை சுழலும் பிளேடில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். மப்ளரின் முனையும், தொளதொளத்த ஸ்வெட்டர் கையும் அப்படியே. விரல் மரத்தால் மெஷினை நிறுத்திவிட்டு, கையைச் சூடாக்கிக்கொண்டு மீண்டும் தொடங்குவதே சரி. கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம்.

கோத்தகிரியிலிருந்து ஒரு கொத்தனார்: மழைக்காலத்தில் மெஷினைத் தொட்டாலே லேசாக ஷாக் அடிக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டு சமாளிக்கிறோம்.

பதில்: ஐயா, தயவுசெய்து அந்த மெஷினை இன்றே ஓரங்கட்டிவிடுங்கள். லேசான ஷாக் என்பது உள்ளே மின்கசிவு இருக்கிறது என்பதற்கான அறிகுறி. தரையும் கையும் நனைந்திருக்கும்போது அதுவே உயிரைப் பறிக்கப் போதுமானது. பழுது நீக்கிய பிறகும், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்பு சுவிட்ச் பொருத்திய இணைப்பிலிருந்து மட்டும் மின்சாரம் எடுங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை வேலை தொடங்குமுன் அழுத்திப் பாருங்கள். பிளக் இல்லாமல் ஒயர் முனைகளைத் துளையில் சொருகித் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். ஒயர் பிளக்கை அடையுமுன் ஓரிடத்தில் தாழ்ந்து தொங்கும்படி விட்டால், அதன்வழி வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்கிற்குள் போகாது. கையில் பிடிக்கும் நான்கு அங்குலக் கட்டருக்கு உதவியாள் பாட்டிலால் தண்ணீர் ஊற்றுவதைப் பல இடங்களில் காண்கிறேன். அது மோட்டாருக்குள் இறங்கும். தண்ணீர்க் குழாய் இணைப்புடன் தயாரித்த மெஷினையே பயன்படுத்துங்கள். பிளேடு மூடியை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

கூடலூரிலிருந்து ஒருவர்: விளிம்பு பொரிந்துபோகிறது, மூலைக்கு 'எல்' வடிவில் வெட்டினால் டைல் உடைகிறது.

பதில்: பல் இடைவெளியில்லாத, விளிம்பு தொடர்ச்சியாக உள்ள டைமண்ட் பிளேடு போடுங்கள். மேசை மெஷினில் பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும். அழுத்தித் தள்ளாமல் பிளேடு வெட்டும் வேகத்துக்கே டைலை நகர்த்துங்கள். தள்ளத் தோன்றினால் பிளேடு மழுங்கியிருக்கிறது என்று பொருள், சாணைக்கல் துண்டில் சில முறை வெட்டினால் புது வைரத்துகள் வெளிப்படும். 'எல்' வெட்டுக்கு, உள்மூலையில் முதலில் துளையிட்டு, இரு வெட்டுகளையும் அத்துளையில் கொண்டு முடித்தால் விரிசல் ஓடாது.

தலைக்குந்தாவிலிருந்து ஒருவர்: உறைபனி விழும் இரவில் மெஷினை வெளியே வைக்கலாமா?

பதில்: தொட்டி, பம்பு, குழாய் மூன்றிலும் உள்ள நீரை முழுவதும் வடித்துவிட்டு உள்ளே வையுங்கள். தேங்கிய நீர் உறைந்து விரிந்தால் பம்பு வெடிக்கும். காலையில் பிளேடுக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே டைலைத் தொடுங்கள்.