காவலர் தேர்வு: ஓய்வுபெற்ற ஆய்வாளரின் பதில்கள்

பட்டம் பெற்றிருக்கிறேன். இரண்டாம் நிலைக் காவலர் பணி கிடைத்தால் சேரலாமா, உதவி ஆய்வாளர் தேர்வுக்காகக் காத்திருக்கலாமா?

சேர்ந்துவிடுங்கள். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் உதவி ஆய்வாளர் பணியிடங்களில் 20 சதவீதத்தைத் துறையில் இருப்பவர்களுக்கென ஒதுக்குகிறது. ஆனால், பந்தோபஸ்து முடிந்து நள்ளிரவில் திரும்பியபின் பாடப்புத்தகத்தைத் திறப்பது எளிதன்று என்பதையும், அப்படிப் படித்தே தோளில் நட்சத்திரம் ஏற்றிய காவலர்களை என் நிலையத்திலேயே பார்த்திருக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த என் உயரம் 168 செ.மீ. பயிற்சியால் சரிசெய்ய முடியுமா?

முடியாது. உங்கள் பிரிவில் ஆண்களுக்கு 170 செ.மீ. கட்டாயம். உயரத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள்.

ஊர்த் திருவிழாத் தகராறில் என்மீதும் வழக்குப் பதிந்தார்கள். பிறகு விடுதலையாகிவிட்டேன். விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிட வேண்டுமா?

கட்டாயம் குறிப்பிட வேண்டும். "முடிந்துபோன வழக்குதானே" என்று, குற்ற வழக்கு உண்டா என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என எழுதிய பையன்கள் பலரை நான் அறிவேன். எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் வென்றவர்கள், அவர்களுடைய ஊர்க் காவல் நிலையத்தின் பழைய பதிவேட்டில் இருந்த ஒற்றை வரியால் வேலையை இழந்தார்கள். உண்மையை மறைப்பதே பணியை மறுக்கக் காரணமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் விரிவாக விளக்கியிருக்கிறது.

அடுத்து, நீங்கள் எப்படி விடுதலையானீர்கள் என்று பாருங்கள். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனால், அதாவது குற்றம் ஐயமற நிரூபிக்கப்படாததால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியாகி நீதிமன்றத்தில் பேச்சை மாற்றியதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவர். இது பல ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுமையாக முடிகிறது என்பதே என் எண்ணம். ஏனெனில், ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் செய்துவைத்த வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. ஆகவே தீர்ப்பு நகலை வாங்கி, அதன் கடைசிப் பத்தியை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வழக்கு பொய்யென்றோ, உங்களுக்குப் பங்கே இல்லையென்றோ நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தால் உங்கள் நிலை வலுவானது.

என் மகள் காவலராக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். தாயாக எனக்கு அச்சமாக இருக்கிறது.

உங்கள் அச்சம் நியாயமானதே. தமிழகக் காவல்துறையில் பெண்கள் 1973இல் சேர்ந்தார்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தேர்த் திருவிழா பந்தோபஸ்தில் நிற்கும் பெண் காவலர், கழிப்பறை இல்லாத இடம் என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அதற்காக மேலதிகாரிகளிடம் பலமுறை கேட்டுமிருக்கிறேன். அதே பெண், இரவில் நிலையத்துக்கு ஓடிவந்த சிறுமியைப் பக்கத்தில் அமர்த்தி, ஒரு மணி நேரம் எதுவுமே கேட்காமல், அவளாகவே பேசத் தொடங்கும்வரை காத்திருந்ததையும் கண்டேன். எங்களில் யாருக்கும் அது கைவந்திருக்காது.

பணியில் இருக்கும் ஒரு பெண் காவலரிடம் மகளை ஒருமுறை பேச வையுங்கள். அதன் பிறகும் அவள் உறுதியாக இருந்தால் தடுக்காதீர்கள். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். நாளைக் காலையிலேயே பள்ளி மைதானத்துக்கு அனுப்புங்கள், முதல் சில நாட்கள் நீங்களும் உடன் செல்லுங்கள்.