நான்கு நாளில் மூன்று ஆட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1963 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் டிவிஷனில் (அன்றைய உச்ச லீக்) பத்து ஆட்டங்களில் 66 கோல் விழுந்ததைப் பற்றி சென்ற வாரக் குறிப்பில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். அதே அணிகளில் பல ஒருநாள் விட்டு 28ஆம் தேதி மறுபடி மோதியிருக்கின்றன. அதற்கும் முந்தைய வருடங்களில் கிறிஸ்துமஸ் அன்று ஆடி மறுநாளும் ஆடியிருக்கிறார்கள். இன்று வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றாலே மேனேஜர்கள் மைக் முன்னால் புலம்புகிறார்கள். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் இரும்பால் செய்தவர்களா, இல்லை இவர்கள் சொகுசு கண்டு கெட்டுவிட்டார்களா? இன்னொன்று, இரண்டு நாளுக்குள் ஏன் அதே இரண்டு அணிகளே மோத வேண்டும்? யாருக்கு வந்த யோசனை அது?

கே.,
மதுரை

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னால் முதல் கேள்வி பாதி கரைந்துவிடும். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அன்றைய ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் சனிக்கிழமை பிற்பகல்தான் ஓய்வு. கால்பந்து அந்தப் பிற்பகலை நம்பி வளர்ந்த ஆட்டம். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் நாடு அது. ஃபிளட்லைட் வெளிச்சத்தில் முதல் லீக் ஆட்டம் நடந்ததே 1956 பிப்ரவரியில்தான், போர்ட்ஸ்மவுத்துக்கும் நியூகாசிலுக்கும். அதற்கு முன்பு வார நாளில் ஆட்டம் வைத்தால் பகலில் வைக்க வேண்டும், பகலில் ரசிகன் ஆலையில் இருப்பான். ஆக, ஊரே விடுமுறையில் இருக்கும் கிறிஸ்துமஸும் அதற்கு மறுநாளும் கிளப்புகளுக்கு அறுவடை நாட்கள். (பாக்ஸிங் டே என்ற பெயரைப் பார்த்துக் குத்துச்சண்டை என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அவ்வளவுதான்.) ஈஸ்டருக்கும் இதே கதை. புனித வெள்ளி, சனி, திங்கள் என்று நான்கு நாளில் மூன்று ஆட்டம்.

அறுவடை இரண்டு கிளப்புக்கும் கிடைக்க வேண்டுமல்லவா? இன்று உன் மைதானத்தில், நாளை என் மைதானத்தில். முடிந்தவரை பக்கத்து ஊர் அணியாகப் பார்த்து ஜோடி சேர்த்தால் பயணமும் குறைவு. யாரோ ஒரு மேதையின் யோசனை என்று சொல்ல முடியாது. கணக்குப் பிள்ளை மூளையில் உதிப்பதுதான். 1963 பட்டியலில் இந்தப் பக்கத்து ஊர் வழக்கம் தளர்ந்துவிட்டது தெரிகிறது. பிளாக்பர்ன் வடக்கே லங்காஷயரிலிருந்து லண்டன் வரை வந்து வெஸ்ட் ஹாமை அடித்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் நடந்த கூத்துகளுக்குக் குறைவில்லை. 1935 கிறிஸ்துமஸ் அன்று மூன்றாம் டிவிஷன் வடக்கில் ஓல்டம் 4-1 என்று டிரான்மியரை வென்றது. மறுநாள் டிரான்மியர் 13-4. பன்னி பெல் என்பவர் தனியாளாக ஒன்பது கோல் போட்டார், ஒரு பெனால்டியைத் தவறவும் விட்டார். 1937 கிறிஸ்துமஸில் செல்சி மைதானத்தில் பனிமூட்டம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். சார்ல்டன் கோல்கீப்பர் சாம் பார்ட்ரமுக்கு மட்டும் அது தெரியாது. நம் ஆட்கள் எதிர்ப்பக்கம் நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று கோல் கம்பத்துக்கு நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கடைசியில் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து விஷயத்தைச் சொன்னார். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை இது.

ஃபிளட்லைட் வந்ததும் வார நாள் இரவுகள் திறந்துகொண்டன. கிறிஸ்துமஸ் அன்று முழுப் பட்டியலும் நடந்தது 1957 வரைதான். மான்செஸ்டர் யுனைடெட் அந்த வருடம் 25ஆம் தேதி லூடனை 3-0 என்று வென்றது, 26இல் லூடனுக்கே போய் 2-2, 28இல் மான்செஸ்டர் சிட்டியுடன் 2-2. ‘நான்கு நாளில் மூன்று’ கணக்குக்கு அச்சு அசலான உதாரணம். முதல் ஆட்டத்தில் கோல் போட்டவர்கள் சார்ல்டன், எட்வர்ட்ஸ், டெய்லர். ஆறு வாரம் கழித்து அந்த அணியின் பல ஆட்டக்காரர்களைப் பலிகொண்ட மியூனிக் விமான விபத்து. 1965இல் பிளாக்பூலும் பிளாக்பர்னும் ஆடியதுதான் இங்கிலாந்து லீக்கின் கடைசி கிறிஸ்துமஸ் நாள் ஆட்டம்.

சரி, இரும்பு மனிதர்களுக்கு வருவோம்.

1963இன் அந்த 66 கோலை வீரத்தின் அடையாளமாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அதில் களைப்பும் சேறும்தான் தெரிகின்றன. ஃபுல்ஹாம் 10, இப்ஸ்விச் 1. கிரஹாம் லெகட் நான்கு கோல், அதில் மூன்று சில நிமிட இடைவெளியில். லிவர்பூல் ஸ்டோக்கை 6-1. பிளாக்பர்ன் 8-2 என்று வெஸ்ட் ஹாமை அதன் சொந்த மைதானத்திலேயே புரட்டி எடுத்தது. ஒருநாள் இடைவெளி. இப்ஸ்விச் 4-2 என்று ஃபுல்ஹாமை வென்றது. வெஸ்ட் ஹாம் பிளாக்பர்னுக்கே போய் 3-1 என்று ஜெயித்தது. ஒரு கால்பந்து அணியின் தரம் 48 மணி நேரத்தில் இப்படித் தலைகீழாகுமா? இப்ஸ்விச் அந்தப் பருவம் முழுக்க 121 கோல் வாங்கி கடைசி இடத்தில் முடிந்த அணி என்பதையும் மறக்க வேண்டாம். கனத்த தோல் பந்து, உழுத வயல் மாதிரி மைதானம், மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. அது வந்தது 1965இல், அதுவும் முதலில் காயம்பட்டவருக்குப் பதிலாக மட்டும். அதுவரை ஒருவன் நொண்டினால் ஓரமாக நின்று நொண்டிக்கொண்டே ஆட வேண்டியதுதான். பதினோரு பேரும் முழு வேகத்தில் 90 நிமிடம் ஓடிய ஆட்டங்கள் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

அவர்கள் சத்தமே போடவில்லையே என்று கேட்கலாம். போட்டு என்ன ஆகும்? 1961 ஜனவரி வரை சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது, வாரம் 20 பவுண்டு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனின் பதிவைக் கிளப் தன் கையில் வைத்துக்கொள்ளலாம். கிளப் விட்டால்தான் வேறு கிளப்புக்குப் போக முடியும். ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்குப் போட்டு, அந்தப் பிடி நியாயமில்லை என்று நீதிமன்றம் சொன்னதே 1963 ஜூலையில்தான். இரும்பு மனிதர்கள் என்று நாம் இன்று கொண்டாடுகிறவர்களிடம் 26ஆம் தேதி ஆட உனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்டதில்லை.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1970 ஈஸ்டர் நேரத்தில் மேனேஜர் டான் ரெவியின் லீட்ஸ் அணி லீக், எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டி), ஐரோப்பியக் கோப்பை மூன்றிலும் களத்தில் இருந்தது. மார்ச் 23, 26, 28, 30, ஏப்ரல் 1, 2. பதினோரு நாளில் ஆறு ஆட்டம். ஏப்ரல் 1 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, செல்டிக்குடன். அதற்கு ஆட்களைக் காப்பாற்ற மார்ச் 30 அன்று டார்பி அணியுடனான ஆட்டத்துக்கு ரெவி இரண்டாம் நிலை ஆட்டக்காரர்களை அனுப்பினார், 4-1 தோல்வி. முழு பலத்துடன் ஆடவில்லை என்று லீட்ஸுக்கு 5,000 பவுண்டு அபராதம்! இன்று எந்த மேனேஜரும் கூசாமல் செய்யும் காரியம் அது. செல்டிக் ஆட்டத்துக்கு மறுநாளே லண்டனில் வெஸ்ட் ஹாமுடன் ஆட்டம். அதில் லீட்ஸின் பால் ரீனிக்குக் கால் முறிந்தது. மெக்சிகோ உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பும் அதோடு போயிற்று. மூன்று கோப்பையில் ஒன்றுகூட லீட்ஸுக்குக் கிடைக்கவில்லை. புலம்பல் புதிது என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

இன்றைய மேனேஜர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. தோற்ற நாளில் மட்டும் அட்டவணை ஞாபகம் வருகிறவர்கள் உண்டு. அன்று அட்டவணையைப் போட்டது டிக்கெட் வசூல், இன்று போடுவது தொலைக்காட்சி. 2025 பாக்ஸிங் டேயில் பிரீமியர் லீக் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் வைத்தது. இரவு டிவி முன்னால் உட்காரும் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் 1963இல் அந்த அட்டவணையில் ஆடியவர்களுக்கு என் வருத்தம் கொஞ்சம் வேடிக்கையாக இருந்திருக்கும்.

66 கோல் நாளில் நான் மேலே விட்ட ஒரு ஆட்டம், பர்ன்லி 6, மான்செஸ்டர் யுனைடெட் 1. யுனைடெட் மேனேஜர் மேட் பஸ்பி அன்று தோற்ற அணியைக் கலைத்தார். கிறிஸ்துமஸுக்கு பெல்ஃபாஸ்ட்டில் வீட்டுக்குப் போயிருந்த 17 வயதுப் பையன் ஒருவனுக்குத் தந்தி பறந்தது. அதற்கு முன் முதல் அணிக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடியிருந்தான். இன்னொரு ஓரத்தில் 16 வயது வில்லி ஆண்டர்சன், அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம். 28ஆம் தேதி யுனைடெட் 5, பர்ன்லி 1. தந்தி கிடைத்து வந்தவன் தன் முதல் கோலைப் போட்டான். பெயர் ஜார்ஜ் பெஸ்ட், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரன். இரண்டு நாள் முன்பு மற்றவர்கள் பர்ன்லியில் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா வீட்டில் இருந்தான்.

அன்புடன்