பாட்டு கேட்பவர்கள் பத்திரிகை வாங்குவார்களா?

இளைஞர்களுக்கான இசை இதழ் தயாரிப்பது பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

16 முதல் 22 வயதினருக்கான இசை இதழ் ஒன்றை இறுதி ஆண்டுத் திட்டப்பணியாகச் செய்கிறோம். வாட்ஸ்அப்பில் கூகுள் படிவம் அனுப்பி 60 பேரிடம் கேட்டோம். ‘எந்த மாதிரி இசை பிடிக்கும்?’ என்றதற்கு 52 பேர் ‘மெலடி’ என்றார்கள். இதை வைத்து எப்படி வடிவமைப்பது?
– காட்சித் தொடர்பியல் மாணவர்கள் நால்வர், காரைக்குடி

இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குத்துப்பாட்டு அல்லாத எல்லாவற்றுக்கும் நம் ஊரில் மெலடி என்றுதான் பெயர். அதோடு, ‘பிடிக்குமா’ என்று கேட்டால் எதைச் சொன்னால் மதிப்பாக இருக்குமோ அதைத்தான் சொல்வார்கள். விருப்பத்தை விட்டுவிட்டு, செய்ததைக் கேளுங்கள்.

நேற்று கடைசியாகக் கேட்ட மூன்று பாட்டு எவை? (நினைவிலிருந்து வேண்டாம், போனை எடுத்துப் பார்த்தே சொல்லட்டும்.) எங்கே இருந்து கேட்டீர்கள்: இயர்போனிலா, டவுன் பஸ்ஸிலா, வேலை செய்யும் கடையிலா? அதைப் பாடியவர், இசையமைத்தவர் பெயர் தெரியுமா? அந்தப் பாட்டைப் பற்றி எங்காவது படித்தோ பேட்டி பார்த்தோ இருக்கிறீர்களா? கடைசியாகக் காசு கொடுத்து வாங்கிய அச்சுப் பத்திரிகை எது, எப்போது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலர் விழிப்பார்கள். அந்த விழிப்பும் ஒரு விடைதான், குறித்துக்கொள்ளுங்கள். ‘இந்த இதழுக்கு என்ன விலை கொடுப்பீர்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். வாய்க்கு வந்த தொகையைச் சொல்வார்கள், கடையில் அதைக் கொடுக்க மாட்டார்கள். போன மாதம் பாட்டுக்காக, நிகழ்ச்சிக்காக, இயர்போனுக்காக என்ன செலவானது என்று கேட்டால் உண்மை கொஞ்சம் தெரியும்.

விலைப் பேச்சில் ஒன்றை நினைவில் வையுங்கள். 1952-இல் தொடங்கிய என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை வார இதழே 2015-இல் இலவசமாகி, 2018-இல் வார அச்சை நிறுத்தியது. உங்கள் இதழை விலைக்கு விற்கப் போகிறீர்களா, விளம்பரத்தை நம்பி இலவசமாகக் கொடுக்கப் போகிறீர்களா என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, யாரிடம் கேட்டீர்கள் என்பது. வாட்ஸ்அப் படிவம் உங்கள் நண்பர்களையும் அவர்களுடைய நண்பர்களையும் தாண்டாது. காகிதப் படிவம் அடித்து, அழகப்பா வளாகத்தில் 25, ஐடிஐ மற்றும் பாலிடெக்னிக்கில் 25, ஜவுளிக்கடை, செல்போன் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் 25, காலை நேரத்தில் பஸ் நிலையத்தில் தேவகோட்டை, கோட்டையூர், புதுவயல் பக்கம் போய்வருபவர்களிடம் 25 என்று பிரித்து நிரப்புங்கள். ஆண், பெண் சரிபாதி. மொத்தம் 15 கேள்விக்கு மேல் போனால் பத்தாவதிலேயே பஸ் வந்துவிடும். முதலில் ஆறு பேரிடம் ஒத்திகை பாருங்கள். எந்தக் கேள்விக்கு ‘அப்படின்னா?’ என்று திருப்பிக் கேட்கிறார்களோ அதை மாற்றி எழுதுங்கள்.

சீட்டுக் குலுக்கியதுபோல் தேர்ந்தெடுத்த 100 பேர் என்றாலே முடிவு பத்துச் சதவீதம் இப்படி அப்படி ஆடும். 400 பேர் என்றால் ஐந்து. உங்களுடையது குலுக்கல் தேர்வும் கிடையாது. ஆகவே 48-க்கும் 53-க்கும் இடையே வித்தியாசம் கண்டுபிடித்து ஆய்வேட்டில் எழுதாதீர்கள். 30-க்கும் 70-க்கும் இடையே இருந்தால் எழுதலாம்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் கேட்கலாமா?
– ஒரு மாணவி, பள்ளத்தூர்

பள்ளியில் என்றால் தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து இரண்டும் வாங்குங்கள். பெயர், போன் எண் கேட்காதீர்கள். வயது, ஊர் போதும். நமது தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே சொல்கிறது.

நாகசுரம், தவில் பற்றி ஒரு பகுதி வைக்க ஆசை. கூட்டாளிகள் ‘யாரும் படிக்க மாட்டார்கள்’ என்கிறார்கள்.
– ஒரு வாசகி, கண்டனூர்

சண்டை வேண்டாம், சீட்டு எழுதிப் பாருங்கள். 12 தலைப்புகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதி ஒருவர் முன் பரப்பி, ‘இன்று இரவு படிக்க மூன்றை எடுங்கள்’ என்று சொல்லுங்கள். எதை எடுத்தார் என்பதோடு, எதை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார் என்பதையும் குறியுங்கள். 20 பேரிடம் செய்தால் போதும்.

ஒரே விஷயத்துக்கு இரண்டு தலைப்பு வைத்துப் பார்ப்பது இதில் முக்கியம். ‘மங்கல இசை: ஒரு பார்வை’ என்ற சீட்டை எடுக்க ஆள் வராது. ‘தவில்காரர் விரலில் மாட்டும் கூடு எப்படிச் செய்கிறார்கள்?’ என்று பத்துப் பேருக்குக் காட்டிப் பாருங்கள். ஒரு கை விரல்களில் கூடு, மறு கையில் கழி என்பதைக் கோயில் திருவிழாவில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், விவரம் தெரியாது. குன்றக்குடியில் பிறந்த வயலின் மேதை வைத்தியநாதன் பற்றி எழுதினாலும் இதே கணக்குத்தான்: வாழ்க்கை வரலாறாக நான்கு பக்கம் வேண்டாம், வயலினில் சினிமாப் பாட்டை அவர் எப்படி வாசித்தார் என்று ஒரு பக்கம் போதும்.

அட்டையில் ஆத்தங்குடித் தரைக்கல் வடிவத்தைப் பார்டராக வைத்திருக்கிறோம். நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.
– இரண்டு மாணவர்கள், தேவகோட்டை

யார் சொன்னார்கள்? பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். இங்கே பிறந்த 18 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கல் ஆயா வீட்டுத் தரை. வெளியூர்க்காரருக்கு அது சுற்றுலா விடுதியின் விளம்பரத் தாள். இரண்டிலும் பாட்டு இல்லை. எங்கள் கருத்தை நம்ப வேண்டாம், சோதியுங்கள். பார்டர் உள்ள அட்டையை 15 பேருக்கும் இல்லாததை வேறு 15 பேருக்கும் ஐந்து விநாடி காட்டி மூடிவிட்டு, ‘இது என்ன பத்திரிகை? யாருக்கு?’ என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் காட்டினால் அவர் நடுவராக மாறிவிடுவார், வாசகராக இருக்க மாட்டார். கல்லின் நிறங்கள் பிடித்திருந்தால் அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துத் தலைப்புகளுக்குப் பயன்படுத்தலாம்.

பெட்டிக்கடையில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும், மேல்பகுதிதான் கண்ணில் படும். இதழின் பெயரும் முகத்தின் கண்களும் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் வரட்டும். ஆறடி தள்ளி நின்று பாருங்கள். இன்னொன்று: கணினித் திரையில் மின்னும் பச்சையும் ரோஸும் நான்கு வண்ண அச்சில் மங்கித்தான் வரும். கோப்பைச் சிஎம்ஒய்கே என்ற அந்த நான்கு வண்ண முறைக்கு மாற்றிப் பார்த்த பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள்.

கச்சேரிப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 8 அங்குல அகலப் படத்துக்கு 2,400 பிக்சல் (அங்குலத்துக்கு 300) வேண்டும். சாதாரணமாக வந்தால் சுமார் 1,600-க்குச் சுருங்கி, 5 அங்குலத்துக்கு மேல் அச்சில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அச்சகத்தில் கோப்பைத் திறந்தால் கொம்பு தனியே, எழுத்து தனியே நிற்கிறது. ஏன்?
– ஒரு வாசகர், காரைக்குடி

நீங்கள் யூனிகோடில் தட்டியிருப்பீர்கள், அங்கே பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கும். அதற்கு யூனிகோட் தெரியாது. இன்டிசைன் என்ற புதிய மென்பொருளில் இதே கோளாறு வந்தால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பேஜ்மேக்கர்தான் கதி என்றால் அச்சகத்தின் எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது மேற்கோள் குறிகளும் நடுவே வரும் ஆங்கில எழுத்துகளும் கெடும். ஆகவே மாற்றிய பிறகு முழுப் புரூஃப் இன்னொரு முறை பாருங்கள். எப்படியானாலும் எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுப்பதே நல்லது.

எழுத்தளவு பத்தரைப் புள்ளி (பாயிண்ட்), வரி இடைவெளி 15 என்று தொடங்குங்கள். தமிழில் ‘கூ’வுக்குக் கால் நீளம், ‘கீ’க்குத் தலை நீளம், 12 வைத்தால் வரிகள் முட்டிக்கொள்ளும். ஆங்கில இதழைப் பார்த்துப் பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரிக்காதீர்கள். ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரு சொல் வந்தாலே அந்த வரி நிறைந்துவிடும், மேல்வரியில் ஓட்டை விழும். இரண்டு பத்தி, இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் தடித்த எழுத்து; மெல்லிய கோடுகளை மை மூடிவிடும்.

30 பக்கம் போதுமா?
– அதே வாசகர்

நடுவில் பின் அடிக்கும் இதழ் நான்கின் மடங்கில்தான் வரும். 28 அல்லது 32. ஓரம்வரை போகும் படத்துக்கு 3 மி.மீ. கூடுதல் விடுங்கள். 200 பிரதிக்கு டிஜிட்டல் அச்சு, 1,000 என்றால் ஆஃப்செட். ஆஃப்செட்டில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு ஒரே தடவைதான், பிரதி கூடக் கூட அது பரவிக் குறையும்.

பழைய பாட்டுப் புத்தகம்போல் முழுப் பாடல் வரிகளைப் போடலாமா?
– ஒரு வாசகர், புதுவயல்

உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கூடாது. எழுதியவர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு. விமர்சனத்துக்குள் ஓரிரு வரி எடுத்துக் காட்டலாம், பாடலாசிரியர் பெயரோடு.