கை சும்மா இருக்கும் நேரம்: கைவேலையும் உளநலமும் பற்றிய கேள்வி பதில்

இலங்கையின் வடக்கே வன்னியில் பல ஆண்டுகள் உளவளத்துணைப் பணி செய்தவள் நான். பனையோலை இழைத்தல், வரைதல், பாடுதல், எழுதுதல் ஆகியவை மனத்துக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, ஒரு தாய்): 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனை இன்னும் தேடுகிறேன். "ஏதாவது தைத்து, பின்னி மறந்துவிடு" என்று அயலவர்கள் சொல்கிறார்கள். மறப்பதற்கு நான் ஏன் தைக்க வேண்டும்?

பதில்: மறப்பதற்காகத் தைக்க வேண்டியதில்லை, அம்மா. அன்பினால் சொல்லியிருந்தாலும் அது தவறான அறிவுரை. இறந்தவருக்கு எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று துக்கத்தைப் படிப்படியாக இறக்கி வைக்க நம்மிடம் சடங்குகள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவருக்கோ விளக்கேற்றுவதா, காத்திருப்பதா என்பதைக்கூட ஒரு தாயால் தீர்மானிக்க முடிவதில்லை. உளவியலாளர் போலின் பொஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். முடிவு தெரியாத அந்தப் பெரிய காத்திருப்புக்கு நடுவே, காலையில் தொடங்கி மாலையில் முடிந்துவிடும் சிறிய வேலை ஒன்று இருப்பது, அன்றைய நாளையாவது உங்கள் கைக்குள் கொண்டுவருகிறது. அதற்குமேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் தொடங்கியதைப் போன்ற ஒரு போராட்டப் பந்தலில் இருந்தபடியே நீங்கள் பெட்டி இழைத்தாலும், உங்கள் தேடல் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது.

கேள்வி (ஓமந்தை, இளம்பெண்): எனக்குப் படம் வரைய வராது. கைத்திறன் இல்லாதவர்களுக்கும் இதனால் பயன் உண்டா?

பதில்: உண்டு, தங்கச்சி. அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 39 பெரியவர்கள் 45 நிமிடம் விரும்பியபடி வரைந்தும் களிமண் பிசைந்தும் இருந்த பின், அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு மன நெருக்கீட்டின்போது உடலில் கூடும் சுரப்பான கோர்ட்டிசோல் குறைந்திருந்தது. முன்அனுபவம் இருந்ததும் இல்லாததும் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் உங்கள் தயக்கத்துக்கு அது போதிய பதில். நிறப்பென்சில் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதுமில்லை. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து இழைக்கும்போது கண்ணும் விரலும் ஒன்றையே கவனிக்கின்றன. எண்ணிக்கை தவறினால் ஓலை உடனே காட்டிக்கொடுத்துவிடும்; அவிழ்த்துத் திரும்ப இழைக்கலாம். பிழையைத் திருத்த இடம் தருகிற வேலை என்பதனாலேயே, வெளியூரிலிருந்து வந்த வர்ணம் தீட்டும் புத்தகங்களைவிட இதனை நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி (முள்ளியவளை, பெரியவர்): இளமையில் கோவலன் கூத்து ஆடினேன். இடப்பெயர்வுக்குப் பின் பாடவே மனம் வரவில்லை. வயதான காலத்தில் இது பேரப்பிள்ளைகளின் சிரிப்புக்கு இடமாகாதா?

பதில்: சிரிக்கட்டும், ஐயா; சிரித்துக்கொண்டே பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை வணங்கும் நமக்குக் கண்ணகி கதை வெறும் கதையன்று. கணவனை இழந்த பெண் அரசனின் அவையில் நின்று நீதி கேட்டதை விடியவிடியப் பாடிய ஊர், தன் இழப்பைப் பாடும் முறையை ஏற்கெனவே அறிந்த ஊர். தனியே செய்யும் கைவேலையில் கிடைக்காத ஒன்று கூத்தில் உண்டு: மத்தளத்துக்கும் தாளத்துக்கும் பின்பாட்டுக்கும் பிறர் தேவைப்படுவதால், வீட்டுக்குள் ஒடுங்கியவரும் வெளியே வரவேண்டியிருக்கிறது. முழுக் கூத்தையும் மேடையேற்ற முயல வேண்டாம். ஒரு விருத்தத்தை மட்டும், உடன் ஆடியவர்களில் எஞ்சியிருக்கும் ஒருவரோடு திண்ணையில் இருந்து பாடிப் பாருங்கள். இல்லாதவர்களின் குரல் நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தால் நிறுத்திவிட்டு, அவர்களைப் பற்றிப் பேசுங்கள். அந்தப் பேச்சும் பாட்டோடு சேர்ந்ததுதான்.

கேள்வி (மாங்குளம்): மனத்தில் உள்ளதையெல்லாம் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். மூன்று நாட்களாக நித்திரை இல்லை. தொடரலாமா?

பதில்: இப்போதைக்கு நிறுத்துங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் மட்டுமே எழுதினார்கள். எழுதிய உடனே அவர்களுக்கும் மனம் கனத்தது, நன்மை பின்னரே தெரிந்தது. ஆனால் நித்திரை கெடுவதும், பழைய காட்சிகள் கண்முன் வந்து நிற்பதும் அந்தக் கனம் அல்ல, வேறு. தற்கொலை எண்ணம் சிறிதளவேனும் இருந்தால் ஒருநாளும் தாமதிக்காமல் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். கொப்பி வைத்தியருக்கு மாற்றாகாது.

கேள்வி (துணுக்காய்): இழைத்ததை விற்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அதற்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். தவணைக்காரர் வாசலில் நின்றால் ஓலையைத் தொடவே கை கூசும். முதலில் இழைக்கும் நீற்றுப்பெட்டியையும் விற்காதீர்கள். அதில் உங்கள் வீட்டுக்குப் புட்டு அவியுங்கள்.