கேளுங்கள், சொல்கிறோம்: கவரத்தி

கே: எங்கள் பக்கம் 800 அடி போர் போட்டாலும் புழுதிதான் வருகிறது. சுற்றிலும் கடல் இருக்கும் கவரத்தியில் கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படி?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ப: அங்கே ஆழமாகத் தோண்டினால்தான் வம்பு. லட்சத்தீவின் தலைநகரான கவரத்தி முழுக்கப் பவளமணல். நீளம் 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெய்கிற மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. 1,000 லிட்டர் நல்ல தண்ணீரின் எடை 1,000 கிலோ, கடல்நீர் 1,025 கிலோ. அந்த 25 கிலோ வித்தியாசம்தான் நன்னீரைத் தாங்குகிறது. கணக்குப்படி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே 40 அடி இருக்க வேண்டும். (ஓதம் ஏறி இறங்குவதில் இரண்டும் கலப்பதால் உண்மையில் அவ்வளவு கிடைக்காது.) மோட்டாரால் உறிஞ்சி மட்டம் 1 அங்குலம் இறங்கினால், அதே கணக்கில் உப்பு 40 அங்குலம் மேலேறப் பார்க்கும். வாளியால் இறைக்கும்வரை இனித்த கிணறு, மோட்டார் மாட்டியதும் கரிப்பது இதனால்தான். கழிவறைக் குழி பக்கத்தில் இருந்தால் அதுவும் கிணற்றைக் கெடுக்கும்.

இதற்கு மாற்றாக, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு நிலையம் அமைத்தது. கொள்ளளவு நாளுக்கு 1 லட்சம் லிட்டர். மேற்பரப்புக் கடல்நீர் சுமார் 28 டிகிரி. அதைக் காற்றை உறிஞ்சி எடுத்த தொட்டிக்குள் தெளித்தால், அடுப்பில்லாமலே ஒரு பங்கு ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றும் 12 டிகிரி குளிர்நீர் அந்த ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும். தொட்டியில் எங்காவது காற்றுக் கசிந்தால் உற்பத்தி படுத்துவிடும். பவளத்தீவின் விளிம்பு செங்குத்தாக இறங்குவதால் அந்த ஆழம் கரைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. சென்னைக் கடற்கரையில் அதற்குப் பல மைல் போக வேண்டும்.

கே: லட்சத்தீவு ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்ததாமே?
– வாசகி, மூணாறு

ப: ஆமாம். கவரத்தி, கண்ணூர் அறக்கல் அரச குடும்பத்தின் வசம் இருந்தது. கப்பம் பாக்கி ஏற ஏற ஆங்கிலேயர் நிர்வாகத்தைப் பிடித்தார்கள். 1908-இல் உரிமையும் கைமாறியது. பிறகு மலபார் மாவட்டம். வடக்கே அமினி, கட்மத் முதலிய தீவுகள் தென் கன்னட மாவட்டத்தில். இரண்டுமே சென்னை மாகாணம்தான். 1956 நவம்பர் 1-இல் யூனியன் பிரதேசமானபோதும் தலைமையகம் கோழிக்கோட்டில்தான் இருந்தது. 1964-இல்தான் கவரத்திக்குப் போனது. லட்சத்தீவு என்ற பெயர் 1973-இல் வந்தது.

கே: தலைநகர் என்பதால் அதுதான் பெரிய தீவா?
– வாசகர், செங்கோட்டை

ப: இல்லை. பெரியது ஆந்த்ரோத். ஆனால் அதற்குக் காயல் (பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவே அடங்கிய ஆழமில்லாக் கடல்) இல்லை என்றே சொல்லலாம். கவரத்திக்கு மேற்கே நல்ல காயல் உண்டு.

கே: குடும்பத்தோடு போக என்ன வழி?
– வாசகர், பாறசாலை

ப: முதலில் நுழைவு அனுமதி, அது கைக்கு வருமுன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். கொச்சியிலிருந்து கப்பலில் சுமார் 400 கிலோமீட்டர், ஓர் இரவுப் பயணம். விமானம் அகத்தி வரைதான், அங்கிருந்து படகு. மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை தவிர்த்துவிடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். கப்பலிலிருந்து சிறுபடகில் இறங்க நேர்ந்தால் முதியவர்களும் குழந்தைகளும் திண்டாடிப் போவார்கள். மதுவுக்குத் தடை உண்டு. பெட்டியில் வைத்துப் போகாதீர்கள்.