மகள் மருத்துவ அறவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் உயிரியலில் இளங்கலை முடிக்கப் போகிறாள், மதிப்பெண்ணுக்கும் குறைவில்லை. ஆய்வகமோ மருந்துக் கம்பெனியோ என்று நீங்கள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தீர்கள். அவளோ, மருத்துவத்தின் சமூகப் பக்கத்தையும் அறக்கேள்விகளையும் முதுகலையில் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். 'டாக்டரும் ஆக மாட்டாள், விஞ்ஞானியும் ஆக மாட்டாள், அப்புறம் என்னதான் ஆவாள்?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவள் ஒற்றைக்காலில் நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் படிப்பை ஒற்றைக்காலில் நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. இது நல்ல படிப்பு; ஆனால் கூடவே இன்னொரு தொழிலோ திறமையோ இருந்தால்தான் வேலைச் சந்தையில் இதற்கு மதிப்பு. அதை விளக்கத்தான் இந்த நீண்ட பதில்.

முதலில், இது எதைப் பற்றிய படிப்பு என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். 1962-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களை டயாலிசிஸ் மூலம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது அப்போதுதான் சாத்தியமாகியிருந்தது. பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் 1960-ல் உருவாக்கிய, நோயாளியின் கையிலேயே பொருத்தி வைக்கும் குழாய்தான் அதற்கு வழிவிட்டது. இயந்திரங்களோ சில. காத்திருந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. மருத்துவர்கள் உடல்நிலையைப் பார்த்துப் பட்டியலைச் சுருக்கினார்கள். அப்படியும் ஆட்கள் மிஞ்சினார்கள். மிஞ்சியவர்களில் யாரைப் பிழைக்க வைப்பது என்று முடிவெடுக்க ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். அதில் ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கியாளர், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு இல்லத்தரசி எல்லாம் இருந்தார்கள். வயது, குடும்பம், பிள்ளைகள், வருமானம், பார்க்கும் வேலை என்று எல்லாவற்றையும் எடைபோட்டார்கள். விஷயம் பத்திரிகையில் வந்ததும் பெரிய சர்ச்சையாகிவிட்டது.

இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பது பொறியாளருக்குத் தெரியும். ரத்தம் எப்படிச் சுத்தமாகிறது என்பது மருத்துவருக்குத் தெரியும். 'யாருக்கு முதலில்?' என்பது இருவருடைய பாடத்திலும் இல்லை. உங்கள் மகள் படிக்க ஆசைப்படுவது அந்த இல்லாத பாடத்தை. 2020-ல் வென்டிலேட்டர் பற்றாக்குறை வந்தபோது பல நாட்டு மருத்துவமனைகள் அதே கேள்வியோடுதான் விழித்துக்கொண்டு நின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சியாட்டில் சிக்கல் கடைசியில் தீர்ந்தது யாரோ ஒரு தத்துவப் பேராசிரியர் விடை சொன்னதால் அல்ல. 1972-ல் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் சட்டம் வந்ததால் தீர்ந்தது. சில அறக்கேள்விகளுக்கு விடை பட்ஜெட்டில் இருக்கிறது. நல்ல பேராசிரியர்கள் இதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுப்பார்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பெயர்கள் ஒன்றுபோல் இருக்கும், உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

பயோஎத்திக்ஸ், அதாவது உயிரியலும் மருத்துவமும் எழுப்பும் அறக்கேள்விகள், என்று பெயர் வைத்த படிப்புகள் பெரும்பாலும் தத்துவமும் சட்டமும் கலந்தவை. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் முடிவில், 1947-ல், 'சம்பந்தப்பட்டவர் தானாக முன்வந்து தரும் சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது' என்று தொடங்கும் நியூரம்பெர்க் விதிகள் வந்தன. 1964-ல் உலக மருத்துவச் சங்கம், மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுக்கான அறநெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனத்தைக் கொண்டுவந்தது. அதைப் பல முறை திருத்தினார்கள், கடைசித் திருத்தம் 2024-ல். இந்த இரண்டுக்கும் நடுவிலும், அதற்கு அப்புறமும், அமெரிக்காவின் டஸ்கீகி பகுதியில் கறுப்பின ஆண்களிடம் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் எப்படி முற்றுகிறது என்று அரசே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. 1932-ல் தொடங்கிய ஆய்வு அது. அதைக் குணமாக்கும் பெனிசிலின் கைக்கு வந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்காமல், செய்தி வெளியாகும் 1972 வரை நடத்தினார்கள். விதிகள் ஏட்டில் இருக்க, இது எப்படி நடந்தது? இப்படிப்பட்ட கேள்விகளை வைத்து வாதாடவும், வாதத்தை எழுத்தில் கட்டவும் பழக்குவதுதான் இந்த வகைப் படிப்பின் வேலை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கென்னடி அறவியல் நிறுவனம் 1971-லும், ஆஸ்திரேலியாவில் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் பயோஎத்திக்ஸ் மையம் 1980-லும் தொடங்கியவை. அதாவது, உங்கள் உறவினர்கள் நினைப்பதுபோல் இது நேற்று முளைத்த துறை இல்லை.

இரண்டாவது வகை, மருத்துவ மானிடவியலும் மருத்துவச் சமூகவியலும். எனக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவரின் உடலைக் கழுவித் தொட்டு அடக்கம் செய்யும் சடங்கின் வழியாகவும் நோய் தொற்றியது. பாதுகாப்பு உடை போட்ட ஆட்கள் வந்து உடலை மூட்டைபோல் கட்டித் தூக்கிப் போனார்கள். குடும்பங்கள் பயந்து, நோயாளிகளையும் உடல்களையும் மறைக்கத் தொடங்கின. கிருமியைப் பற்றிய அறிவு மட்டும் அங்கே போதவில்லை. மானிடவியலாளர்கள் மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள்: சடங்கில் எதை விடவே முடியாது, எதை மாற்றிக்கொள்ளலாம்? அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், குடும்பமும் மதத் தலைவரும் பங்கெடுக்க இடம் கொடுத்து, பாதுகாப்பாகவும் மரியாதையாகவும் அடக்கம் செய்வதற்கான நடைமுறையை வெளியிட்டது. அதை உருவாக்கியதில் மருத்துவ மானிடவியலாளர்களுக்கும் பங்கு இருந்தது. இந்த வகைப் படிப்பில் களப்பணி இருக்கும், நேர்காணல் எடுக்கவும் எடுத்ததை அலசவும் கற்றுக்கொடுப்பார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மருத்துவ மானிடவியலுக்கு முதுகலை இருக்கிறது. அதே நகரின் கிங்ஸ் காலேஜில் உலக சுகாதாரத்துக்கும் சமூக மருத்துவத்துக்கும் தனித் துறையே இருக்கிறது.

மூன்றாவது, மருத்துவத்தை இலக்கியம், வரலாறு வழியாகப் பார்க்கும் 'மெடிக்கல் ஹியூமானிட்டீஸ்' படிப்புகள். நோயாளி சொல்லும் கதையைக் கூர்ந்து கேட்கப் பழக்கும், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நாரேடிவ் மெடிசின் இந்த வகை. அருமையான படிப்பு, ஆனால் ஏற்கனவே மருத்துவராகவோ செவிலியராகவோ இருப்பவருக்குத்தான் அதிகம் கைகொடுக்கும். உங்கள் மகளுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் உண்மையான கேள்வி, வேலை.

மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. சர்வதேச வழிகாட்டுதல்படி அந்தக் குழுவில் குறைந்தது 5 பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது அறிவியல் துறைக்கு வெளியே இருந்து வந்தவராகவும், ஒருவராவது அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாதவராகவும் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் மாணவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும், 'அங்கே எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது' என்று. அவசரப்பட வேண்டாம். குழு உறுப்பினர் பதவி பெரும்பாலும் கௌரவப் பொறுப்பு, மாதச் சம்பளம் தரும் வேலை இல்லை. சம்பளம் இருப்பது குழுவின் செயலகத்தில். வந்த விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது, ஆய்வில் சேருபவர் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவம் சாதாரண ஆளுக்குப் புரிகிறதா என்று பார்ப்பது, ஆய்வு தொடங்கிய பிறகு கண்காணிப்பது இதெல்லாம் அங்கே நடக்கும். பளபளப்பில்லாத வேலை. ஆனால் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

மருத்துவமனையிலேயே அற ஆலோசகராக இருப்பது இன்னொரு வழி. உயிர்காக்கும் கருவியை நிறுத்தலாமா, குடும்பத்தில் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் யார் பேச்சைக் கேட்பது என்பது மாதிரியான சமயங்களில் அவரைக் கூப்பிடுவார்கள். அமெரிக்காவில் 2018 முதல் இதற்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள். அந்தத் தேர்வு எழுதவே சில நூறு மணி நேர மருத்துவமனை அனுபவம் வேண்டும். இந்த நாற்காலியில் உட்காருபவர்களில் பலர் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் அல்லது பிஎச்டி முடித்தவர்கள். இருபத்தொரு வயதில் நேராகப் போய் உட்காருகிற இடம் இல்லை. நியாயமும் அதுதானே? தந்தையின் வென்டிலேட்டரை எடுக்கலாமா என்று கலங்கி நிற்கும் ஒருவர் முன்னால், நேற்று பட்டம் வாங்கியவரை அனுப்ப முடியாது.

பொதுச் சுகாதாரத் திட்டங்களில் ஆய்வாளர் வேலைதான் எண்ணிக்கையில் அதிகம் என்பது என் அனுபவம். தடுப்பூசியை மக்கள் ஏன் மறுக்கிறார்கள், காசநோய் மருந்தை ஏன் பாதியில் விடுகிறார்கள் என்று போய்க் கேட்டு எழுத ஆள் வேண்டும். அங்கே பட்டத்தின் பெயரைவிட, நேர்காணல் எடுக்கத் தெரியுமா, அறிக்கை எழுதத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

புதிதாகத் திறக்கும் கதவு கணினிப் பக்கம். அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருளைப் பற்றி 2019-ல் ஆய்வுக்கட்டுரை ஒன்று வந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்பதை, அவருக்கு ஆன மருத்துவச் செலவை வைத்து அது கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்கு முன்பே குறைவாகத்தான் செலவு செய்யப்பட்டிருந்தது. அதனால் நோய் அதிகமாக இருந்தும் அவர்கள் பட்டியலில் பின்னுக்குப் போனார்கள். நிரலில் பிழை இல்லை. எதை அளப்பது என்று எடுத்த முடிவில்தான் பிழை. இப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியலும் தெரிய வேண்டும், சமூகமும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகளுக்கு எண்களோடு சிநேகம் உண்டென்றால் இந்தப் பக்கம் பார்க்கலாம்.

பேராசிரியர் ஆவது பற்றி எழுதியிருந்தீர்கள். முதுகலைக்கு அப்புறம் பிஎச்டி, அப்புறம் தற்காலிக வேலைகள் என்று நீளும் பாதை அது. நிரந்தர இடங்கள் குறைவு. அதை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் சேர வேண்டாம்.

ஆகவே என் யோசனை இது. முடிந்தால் ஓராண்டோ இரண்டாண்டோ வேலை பார்த்துவிட்டுச் சேரட்டும். உயிரியல் பட்டதாரிக்குக் கிளினிக்கல் ட்ரையல், அதாவது மனிதர்களிடம் மருந்துச் சோதனை, நடக்கும் இடத்தில் உதவியாளர் வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு. படிவத்தில் கையெழுத்துப் போடும்போது நோயாளி உண்மையில் என்ன புரிந்துகொள்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு, வகுப்பில் 'சம்மதம்' என்ற சொல்லே வேறு மாதிரி கேட்கும். ஒரு மாணவி நான் சொன்னதைக் கேட்காமல் நேராகப் போய்ச் சேர்ந்தாள். படிப்பில் முதல், ஆனால் முடித்த பிறகு ஒன்றரை வருடம் அலைந்தாள். கடைசியில் அவளுக்கு வேலை கிடைத்தது, படிப்பின்போது விருப்பப்பாடமாக எடுத்த புள்ளியியலால். இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள்.

இல்லை, இப்போதே சேர வேண்டும் என்றால், முதல் இரண்டு வகைகளையும் கலந்து தரும் படிப்பைத் தேடுங்கள். பாடத்திட்டத்தில் ஆய்வு முறைகள் கட்டாயப் பாடமா, விருப்பப்பாடமா என்று பாருங்கள். ஆய்வேடு நூலகத்திலேயே முடிகிறதா, மருத்துவமனைக்கோ களத்துக்கோ அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். மருத்துவப் புலத்தோடு அந்தத் துறைக்குத் தொடர்பு இருக்கிறதா என்பதும் முக்கியம். இல்லையென்றால் நோயாளி என்ற ஆளைப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடலாம். போன இரண்டு வருடத்தில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். நல்ல துறை நான்கு பேரின் கதையையாவது சொல்லும். 'எங்கள் மாணவர்களுக்கு வாய்ப்புகள் ஏராளம்' என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுங்கள். ஓராண்டில் முடியும் படிப்பா, இரண்டாண்டா என்பதையும் பாருங்கள். ஓராண்டுப் படிப்பில் செலவு மிச்சம்தான், ஆனால் மூச்சு விட நேரம் இருக்காது. களப்பணிக்கு இன்னும் கம்மி.

அப்புறம், எழுத்து. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அறிவியல் மாணவர்கள் ஆய்வகக் குறிப்பு எழுதிப் பழகியவர்கள். இந்தப் படிப்பில் வாராவாரம் நூறு பக்கத்துக்கு மேல் படித்துவிட்டு, மூவாயிரம் சொல்லில் கட்டுரை எழுத வேண்டிவரும். தன் கருத்துக்கு எதிர்க்கருத்தைத் தானே கண்டுபிடித்துப் பதிலும் சொல்ல வேண்டும். முதல் பருவத்தில் அழுதுவிட்டுப் பிறகு பழகிக்கொண்டவர்களும் உண்டு, பழகாமலே விலகியவர்களும் உண்டு.

அதனால் விண்ணப்பம் போடும் முன் ஒரு சின்ன வேலை கொடுங்கள். மருந்துச் சோதனைகளின் ஒப்புதல் படிவங்கள் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன, பல படிவங்கள் பத்துப் பதினைந்து பக்கம் நீளும். ஏதாவது ஒன்றை எடுத்து, பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒருவருக்குப் புரியும்படி இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எதை விட்டாள், ஏன் விட்டாள் என்று மூன்றாவது பக்கத்தில் எழுதட்டும். நேரக் கெடு எதுவும் வேண்டாம், ஆனால் நீங்கள் உதவி செய்யக் கூடாது. எழுதியதை எனக்கு அனுப்புங்கள். அதைப் படித்துவிட்டு, அவளையும் வைத்துக்கொண்டு, எந்தப் பல்கலைக்கழகம் என்று பட்டியல் போடலாம்.