சட்டையை யார் மாட்டிவிடுவது?

கேள்வி: எனக்கு வயது 56. ஐந்து மாதங்களுக்கு முன் ஈரத் தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தோள் தசைநாரில் பாதி அளவு கிழிசல், மூட்டு உறையில் இறுக்கம் என்று வந்தது. பத்து நாள் பிசியோதெரபி போனேன். சூட்டு ஒத்தடம், அல்ட்ராசவுண்ட், கரண்ட் எல்லாம் வைத்தார்கள். வீட்டில் செய்யச் சொல்லி ஒரு தாளும் கொடுத்தார்கள். பலன் இல்லை. கை தோள் உயரத்துக்கு மேல் போவதில்லை, முதுகுக்குப் பின்னால் போவதில்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. நல்லவேளையாக என் மனைவி இருக்கிறாள். சட்டை மாட்டுவது, தலை துவட்டுவது, சீவிவிடுவது எல்லாம் இன்றுவரை அவள்தான். முழங்கால் வலியோடு அவளே எல்லாம் பார்க்கிறாள், என்னை எதையும் தொட விடுவதில்லை. பிசியோதெரபி உண்மையிலேயே பயன் தருமா, இல்லை அறுவை சிகிச்சைக்குப் போய்விடலாமா?

பதில்: அறுவை சிகிச்சை கிடக்கட்டும். முதலில் உங்கள் மனைவியைப் பற்றிப் பேசுவோம்.

முழங்கால் வலியோடு ஒரு பெண்மணி, ஐந்து மாதமாகத் தினமும் உங்களுக்குச் சட்டை மாட்டிவிடுகிறார். அதை ஒரு குறையாகக்கூட எழுதவில்லை நீங்கள். "நல்லவேளையாக" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எலும்பு முறியவில்லை. முழங்கை மடங்குகிறது, விரல்கள் வேலை செய்கின்றன, இடது கைக்கு ஒன்றுமே இல்லை. விழுந்த புதிதில் இரண்டு மூன்று வாரம் இன்னொருவர் உதவினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஐந்து மாதம் எதற்கு?

குடும்ப நியாயம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அதையும் பேசத்தான் போகிறேன், ஆனால் இது வைத்தியமும்கூட. சட்டைக்குள் கையை நுழைக்கத் தோள் பின்னால் போக வேண்டும். தலை துவட்டக் கை மேலே ஏற வேண்டும். சீவுவதற்கு மேலேயும் ஏற வேண்டும், வெளிப்பக்கமாகவும் திரும்ப வேண்டும். உங்களால் முடியவில்லை என்று எழுதியிருக்கும் அசைவுகளும் இவைதான். தினமும் தோளுக்குத் தானாகக் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சியை எடுத்து மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, பத்து நாள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து எழுந்து "பலன் இல்லை" என்கிறீர்கள். வேலை இல்லாத தோளில் மூட்டு உறை சுருங்கும். சுருங்கினால் வலிக்கும். வலித்தால் இன்னும் குறைவாக அசைப்பீர்கள். உங்கள் வீட்டில் ஐந்து மாதமாக நடப்பது இதுதான்.

அந்தத் தாள் எங்கே? கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். செய்தேன் என்று எழுதவில்லை. எத்தனை முறை, எத்தனை வாரம், ஒன்றும் காணோம். ஆக, பிசியோதெரபியை நீங்கள் இன்னும் முயன்றே பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஒத்தடம் தசையைத் தளர்த்தும், பயிற்சிக்கு முன் 10, 15 நிமிடம் வைக்கலாம். அல்ட்ராசவுண்டும் கரண்டும் தோளை மீட்டுத் தரும் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை. வேலை செய்வது அசைவும் தசைப் பயிற்சியும்தான், அதிலும் பெரும்பங்கு வீட்டில் நடப்பது. பிரிட்டனில் தோள் தசைநார்க் கோளாறு உள்ள 708 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு பிசியோதெரபிஸ்ட்டுடன் ஆறு சந்திப்புகள் வரை. இன்னொரு பிரிவினருக்கு ஒரே ஒரு சந்திப்பு. வீட்டில் செய்யவேண்டியதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் வரை பார்த்தும் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இறுகிப்போன தோள்களை அதில் சேர்க்கவில்லை; உங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சந்திப்பு வேண்டியிருக்கும். ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் உங்கள் தோளைக் குணப்படுத்தித் தருவார் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இனி மனைவியிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள். மல்லாந்து படுத்து, வலது கையை முழுசாகத் தளரவிடுங்கள். அவர் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் கீழே பிடித்து, மெதுவாக மேலே தூக்கிப் பார்க்கட்டும். அடுத்து முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்க்கட்டும். இடது கையிலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். அவர் தூக்கினாலும் கை ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றால், முக்கியமாக வெளிப்பக்கம் திரும்பவே மறுத்தால், கோளாறு இறுக்கத்தில். அவர் தூக்கும்போது சுலபமாக மேலே போய், பிறகு எழுந்து உட்கார்ந்து அதையே செய்யும்போது அவர் விட்டதும் உங்களால் நிறுத்திவைக்க முடியாமல் கை விழுந்தால், கோளாறு தசைநாரில். அப்படியானால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். விழுந்ததால் முழுசாக அறுந்த தசைநாரைத் தள்ளிப்போட்டால் நார் உள்ளே இழுத்துக்கொள்ளும், தசை கரைந்து கொழுப்பேறும், பிறகு தைத்தாலும் நன்றாகப் பிடிக்காது. எம்.ஆர்.ஐ. பாதிக் கிழிசல் என்றுதான் சொல்கிறது. ஆனால் அது எடுத்தபோது இருந்த நிலை, இன்றைய கை என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அந்த எக்ஸ்ரே நேராக மட்டும் எடுத்ததா, பக்கவாட்டிலும் எடுத்ததா என்று எடுத்துப் பாருங்கள். விழுந்த வேகத்தில் தோள் பின்பக்கமாக நழுவியிருந்தால் நேர்ப்படத்தில் அது கண்ணில் படாமலே போகலாம், கையும் வெளிப்பக்கம் திரும்பாது. அபூர்வம்தான். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது சரியாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இருந்தாலும் பலத்தைப் போட்டு நீட்டத் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இறுக்கம்தான் என்றால், வேலையை இப்படி ஆரம்பியுங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, தலைக்கு மேலாக எவ்வளவு போகுமோ அவ்வளவு கொண்டுபோய் 10 முதல் 15 வினாடி நிறுத்துங்கள். பத்து முறை. அடுத்தது குச்சிப் பயிற்சி. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், இறுகிய தோளுக்கு இதுதான் முக்கியம். படுத்தபடியே வலது முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, இடது கையால் வலது கையை வெளிப்பக்கமாகத் தள்ளி, 20 வினாடி நிறுத்துங்கள். பத்து முறை. முழங்கை விலாவை விட்டு விலகினால் ஏமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். மூன்றாவது, மேசை முன் உட்கார்ந்து, ஒரு துணியின் மேல் கையை வைத்து, உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டே கையைத் தள்ளிக்கொண்டு போவது. மூன்றும் சேர்ந்து 10, 15 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. காலையில் ஒரேயடியாக முக்கால் மணி நேரம் செய்துவிட்டு மற்ற நேரம் கையை மடியில் வைத்திருப்பது பலன் தராது. தோள் திரும்ப இறுகிக்கொள்ளும்.

முதுகுக்குப் பின்னால் துண்டு பிடித்து இழுக்கும் பயிற்சியை இப்போதைக்குத் தொடாதீர்கள். கிழிந்த நார் அதில் அதிகம் சிணுங்கும். மேலேயும் வெளியேயும் நன்றாகப் போக ஆரம்பித்த பிறகு, நாலைந்து வாரம் கழித்துப் பார்க்கலாம். யாராவது கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து "எடுத்துவிடுகிறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். பாதிக் கிழிசலை முழுக் கிழிசலாக்க அது போதும்.

தசைக்கு, சுவர் அருகே நின்று, முழங்கையை மடக்கி, புறங்கையைச் சுவரில் வைத்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். 5 வினாடி, பத்து முறை. உள்பக்கமும் அதே மாதிரி. வலி அடங்கிய பிறகு எலாஸ்டிக் பட்டை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், 10 முதல் 15 இழுப்பு, மூன்று சுற்று. எந்தப் பட்டை, எவ்வளவு இழுவை என்பதை பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்லட்டும். அவரிடம் போகவேண்டியது இதற்காகத்தான்: இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோணத்தை அளந்து, தவறைத் திருத்தி, அடுத்த படிக்கு ஏற்றிவிட. கையைத் தொட்டுப் பார்க்காமல் இயந்திரத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர் என்றால் ஆளை மாற்றுங்கள்.

கண்ணாடி முன் செய்யுங்கள். கை ஏறும்போது தோளும் காதை நோக்கி ஏறுகிறதா, இடுப்பு வளைகிறதா என்று பாருங்கள். ஏறினால் தோள்மூட்டு அசையவில்லை, கழுத்துத் தசைதான் கையைத் தூக்குகிறது. ஒரு மாதத்தில் கழுத்து வலியும் வந்து சேரும்.

வலிக்கும். வலியே இல்லாமல் இறுகிய தோள் திரும்புவதில்லை. வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால் நாலு வரை பொறுத்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்தில் அடங்கவேண்டும். மறுநாள் காலையிலும் அதிகமாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

சட்டைக்கு வருவோம். முன்பக்கம் திறக்கிற, ஒரு அளவு பெரிய சட்டை. முதலில் வலிக்கிற கை, பிறகு நல்ல கை. கழற்றும்போது நல்ல கை முதலில், வலிக்கிற கை கடைசியில். இது தெரியாமல் மற்றவர் மாட்டிவிடும்போது வலிக்கிற கையைத்தான் கடைசியில் பின்னால் இழுத்து நுழைப்பார்கள். உங்கள் மனைவியும் பாவம் அப்படித்தான் செய்துகொண்டிருப்பார் என்று சந்தேகிக்கிறேன். சீவும்போது முழங்கையை மேசையில் ஊன்றித் தலையைக் கையிடம் கொண்டுபோங்கள், இரண்டு மூன்று வாரத்தில் மேசையை விட்டு எடுத்துவிடலாம். துவட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும், இடது கை வலது கையைக் கூட்டிக்கொண்டு போகட்டும். இன்னும் கையைத் தொட்டிலில் தொங்கவிட்டு நடக்கிறீர்கள் என்றால் அதை இன்றே கழற்றுங்கள். இரவில் மல்லாந்து படுத்து, மேல்கைக்கு அடியில் மடித்த துண்டை வைத்து அது பின்னால் சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது இடது பக்கம் ஒருக்களித்து, ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு வலது கையை அதன்மேல் போடுங்கள்.

சர்க்கரையை ஒரு வரியோரமாக ஒதுக்கிவிட்டீர்கள். அது ஓரமாக ஒதுங்கும் சங்கதி இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது அதிகம், இளகுவது தாமதம். இரவு வலியால் பயிற்சியே செய்ய முடியவில்லை என்றால் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். அந்த இடைவெளி படுத்துத் தூங்குவதற்காக மட்டும் கிடைத்தது என்று நினைக்காமல் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும். ஊசி போட்டபின் சில நாள் சர்க்கரை ஏறும். உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த நாட்களில் அடிக்கடி அளந்து பாருங்கள்.

அறுவை சிகிச்சை என்றால் இந்த உழைப்பெல்லாம் மிச்சம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. தசைநாரைத் தைத்தால் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் கைத்தொட்டில், அதன்பின் மாதக்கணக்கில் இதே பிசியோதெரபி. இறுகிய உறையை அறுத்துவிட்டாலோ மறுநாளிலிருந்தே பயிற்சி. விட்டால் திரும்ப இறுகும். தானாக இறுகிய தோள்கள் உள்ள 503 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. மயக்கம் கொடுத்துக் கையைத் திருப்பிவிடுவது, உறையை அறுப்பது, ஊசியோடு முறையான பிசியோதெரபி, இந்த மூன்றில் எதுவும் ஒரு வருட முடிவில் மற்றதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக நிற்கவில்லை. ஆகவே 12 வாரம் ஒழுங்காகச் செய்யுங்கள். ஆறு வாரத்தில் ஏதாவது அசைவு தெரியவேண்டும். 12 வாரம் ஆகியும் ஒரு விரற்கடைகூட நகரவில்லை என்றால் அப்போது கத்தியைப் பற்றிப் பேசலாம். நடக்கும்போது மார்பு இறுக்கத்தோடு தோள் வலித்தாலோ, காய்ச்சலோடு தோள் வீங்கினாலோ, கை மரத்துப்போனாலோ, பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் மனைவி அன்பால்தான் செய்கிறார் என்பீர்கள். இருக்கட்டும். கட்டிய மனைவி தாங்குவாள் என்பதற்காக எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றுவது எனக்கு ஒப்பாது. ஒரு வேலையும் தொட விடுவதில்லை என்கிறீர்கள். நீங்கள் எத்தனை முறை தொடப்போனீர்கள்? அவருடைய முழங்காலை இதுவரை யாராவது பார்த்தார்களா? நீங்கள் பத்து நாள் பிசியோதெரபிக்குப் போனபோது கூட வந்தது யார்? அந்தப் பத்து நாளில் ஒரு நாள் அவருக்கும் ஒரு சீட்டு போட்டிருக்கலாமே! முழங்கால் தேய்மானத்துக்கும் தொடைத் தசைப் பயிற்சிதான் முதல் வைத்தியம், அதுவும் அதே அறையில்தான் கிடைக்கும்.

இன்றே வலது கையைச் சுவரோரமாக ஏற்றி, விரல்நுனி எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுக் கோடு. ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதும்போது இரண்டு விஷயம் வேண்டும்: கோடு எவ்வளவு ஏறியது, உங்கள் மனைவியின் முழங்காலுக்கு மருத்துவர் என்ன சொன்னார். முதலாவது மட்டும் வந்தால் பதில் போடமாட்டேன்.